ராசியான கை

எனக்குத் தவளை என்றால் அருவருப்பு கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு வருடம் அவற்றின் கண்ணாடித் தொட்டிகளைக் கழுவியவள் நான். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். இலைப் பச்சை, வயிறு மட்டும் மஞ்சள். அவை வாழ்ந்த மலைக்காடு எரிந்துபோனபின், உலகத்தில் அந்த இன மரத்தவளைகள் எங்கள் காப்பகத்தில் இருந்தவை மட்டுமே. என் கணவர் அங்கே ஆராய்ச்சியாளர்.

மகளுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்த மத்தியானம், அவருக்குப் பதினான்கு முறை போன் செய்தேன். தவளைகள் முட்டையிடும் நேரத்தில் சத்தம் ஆகாது என்று போனை மேசை இழுப்பறையில் போட்டிருந்தார். ஐந்து மணிக்கு அவரே கூப்பிட்டார். நான் மருத்துவமனை வராந்தாவில், அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"முட்டை வெச்சிடுச்சும்மா. நூத்திப் பதினாறு," என்றார்.

"நம்ம பாப்பா செத்துட்டா," என்றேன்.

அதற்காக அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அழுதார், பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வருடம், அந்த முட்டைகளில் தேறி வளர்ந்த ஒரு பெண் தவளையை உள்ளங்கையில் ஏந்திவந்தார்.

"இதுக்குப் பாப்பா பேரையே வெச்சிருக்கேன். நம்ம கண்ணு முன்னாடியே இருப்பா."

நல்ல பெயர் என்றேன்.

தவளை தோலாலேயே தண்ணீர் குடிக்கும், தொட்டதெல்லாம் உள்ளே இறங்கிவிடும். அவர் சொல்லிக்கொடுத்ததுதான். "கை கழுவினியா?" என்று தினமும் கேட்பார். கழுவுவேன். பிறகு கொசு கடிக்காமலிருக்கப் பூசும் களிம்பைத் தடவிக்கொள்வேன். உங்கள் பரிசோதனைக்கூடம் கண்டுபிடித்தது சரிதான்.

நாளுக்கு ஒன்று. மொத்தமாக முடித்திருந்தால் ஒரே மூச்சில் அழுது தீர்த்திருப்பார். தண்ணீரை மாற்றினார், விளக்கை மாற்றினார், வெளியூர் நிபுணர்களை வரவழைத்தார். கடைசியில் நோய் தன் கையில்தான் ஒட்டியிருக்கிறதோ என்று பயந்து, தொடுவதையே விட்டுவிட்டார்.

"இனிமே நீயே பாத்துக்கோம்மா. உன் கை ராசியான கை."

பாப்பா பெயர்கொண்டதைப் பத்து நாள் விட்டுவைத்தேன். அது பிழைத்துக்கொண்டது என்று அவர் முழுதாக நம்பிய காலையில்தான் கையில் எடுத்தேன்.

மொத்தம் பதினாறு. எஞ்சிய ஒரே ஆண் தவளையை நான் தொடவில்லை. பொழுது சாய்ந்தால் அது துணையைக் கூப்பிட ஆரம்பிக்கும். அவர் தொட்டியருகே நாற்காலி போட்டு, அது ஓயும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒன்றையாவது அவருக்கென்று விட்டுவைத்தேனே. எனக்கும் நெஞ்சில் ஈரம் இருக்கிறது.