ஏகமனதான தீர்மானம்

சாவகச்சேரியில் றெயில் ஏறி என் முன்னால் உட்கார்ந்த கதர்ச் சட்டைக்காரர் பக்கத்திலிருந்த மனைவியிடம் சொன்னார்:

"உந்த வோட்டு வெள்ளைக்காரன் எறியிற எலும்புத்துண்டு. முழுச் சுதந்திரம் வருமட்டும் தேர்தலைப் பகிஷ்கரிக்க வேணும்."

"பொம்பிளையளுக்கு இப்பத்தானே முதன்முதலாய் வோட்டுக் கிடைச்சிருக்கு. அதுக்குள்ளை வேண்டாமெண்டுறியள்."

"ஏகாதிபத்தியத்தின்ரை தந்திரம் உனக்கு விளங்காது."

"சரி, பகிஷ்கரிக்கிறதெண்டு ஆர் முடிவெடுத்தது?"

"போன ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டிலை நடந்த கூட்டம்தான். ஏகமனதாய்! அங்கை நிண்ட எல்லாரும் கை தூக்கினவை."

"ஓம், நானும் அங்கைதான் நிண்டனான். என்ரை ரெண்டு கையிலையும் தேத்தண்ணித் தட்டமெல்லோ இருந்தது."

அதற்குப் பிறகு நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை கதர்ச் சட்டை போட்ட ஏகாதிபத்தியம் ஜன்னலுக்கு வெளியே பனைமரங்களை எண்ணிக்கொண்டு வந்தது.