ஒரே வரியில் ஒரு தீ விபத்து

பிற்பகல் மூன்று மணி. இருட்டில் நடந்தது என்று நினைக்காதீர்கள்... பட்டப்பகல். பழைய சுருட்டுத் தொழிற்சாலைக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். அந்த நேரத்தில் அங்கே ஒரு நாய்கூடப் படுத்திருக்காது.

அதில் தனியாக நடந்து போனவர் என் நண்பனின் அண்ணி. கம்பெனிகளின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக் கொடுப்பது அவர் தொழில். இந்தக் கம்பெனிக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. ராஜாக்களும் மந்திரிகளும் பிடித்த சுருட்டு. ஒவ்வொன்றுக்கும் இடுப்பில் தங்க நிறக் காகித வளையம். கேட்க வேண்டுமா பெருமைக்கு?

கீழ்த்தளத்து ஆவண அறையில் மூன்று வாரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அந்தக் கடிதம் கிடைத்தது. கம்பெனியை ஆரம்பித்தவர் தன் தம்பிக்கு எழுதியது. சுருட்டு சுற்றும் கூடத்தில் தீ. வேலை செய்யும் பெண்கள் இலையை மடியில் மறைத்து எடுத்துப் போகிறார்கள் என்று, கதவை வெளியே தாழிடச் சொல்லியிருந்தவர் அவர்தான். இருபத்து மூன்று பேர். கடிதத்தின் கடைசி வரி... 'நல்லவேளை, சரக்கு தப்பியது.'



அண்ணி அதை மேனேஜரிடம் கொண்டுபோனார். அவர் படித்தார். மடித்தார். இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"நூத்திப் பத்து வருஷம் ஆச்சு மேடம். செத்தவங்க வந்து கேக்கப் போறாங்களா? சிறு தீ விபத்துன்னு ஒரு வரி போட்டுட்டுப் போங்க."

"பேராவது போடலாமே. ஆள் பதிவேட்டுல எல்லாப் பேரும் இருக்கு."

"யாரு படிப்பா?"

அண்ணி ஒரு வரி போட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை... ஆனால் போட்டார்.

மறுநாள், அதே மூன்று மணி. ஆவண அறையில், தலைக்கு மேலே சத்தம். டொக்... டொக்... டொக்... பலகையில் கத்தி விழும் சத்தம். இலை நறுக்குகிற மாதிரி. ஒரு கை இல்லை, பல கைகள். மாடியில்தான் அந்தக் கூடம். இப்போது காட்சிக்கூடம். கண்ணாடிப் பெட்டிகளைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது.

ஏறிப் போனார். உள்ளே கால் வைத்ததும் சத்தம் நின்றது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தது... யாரோ நிதானமாகப் போட்ட மாதிரி. ஈரப் புகையிலை வாசனை. அப்புறம், தீய்ந்த முடியின் நாற்றம். காலடியில் தரை சுட்டது. கதவைத் தட்டினார். கத்தினார். அவருக்கு இரண்டு பக்கமும் வேறு கைகள் அதே கதவைத் தட்டின. ஆள் தெரியவில்லை. கதவுதான் அதிர்ந்தது.

"எழுதிடறேன்... எல்லாப் பேரையும் எழுதிடறேன்."

கதவு திறந்து கிடந்தது.

அன்றைக்கே, அந்தத் தீயில் நடந்தது அத்தனையும், இருபத்து மூன்று பெயர்களும், எழுதி ஒப்படைத்தார். மேனேஜர் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டார். பழைய வரியைச் சேர்த்து அச்சுக்கு அனுப்பினார்.

புத்தக வெளியீட்டுக்கு முந்தின நாள் காட்சிக்கூடத்தைச் சரிபார்க்க மாடிக்குப் போனார் அந்த மனிதர். இரண்டு மணி நேரம் ஆளைக் காணோம். தேடிப் போன காவலாளி சொன்னது இது... கதவு விரியத் திறந்திருந்தது. அதை ஒட்டி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். பத்து விரலிலும் நகம் இல்லை.

உயிரோடுதான் இருக்கிறார். வேறு பேச்சு இல்லை. பெயர்கள்தான். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு பெண்ணின் குரலில். அண்ணி ஒருநாள் பதிவேட்டு நகலோடு போய் ஒப்பிட்டுப் பார்த்தார். இருபத்து மூன்றில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

பெயர்கள் முடிந்ததும் மேனேஜர் இரண்டு கையையும் மடியில் ஏந்திக்கொள்வாராம். அப்புறம் மிக மெல்லிய குரலில்...

"இது பெஞ்சுக்கு அடியில தூங்கிட்டிருந்துச்சு. இன்னும் பேர் வைக்கலை."