டாக்டர் கன்னத்து மச்சம்

ஜெயராம்: என்னப்பா ஸ்டெர்லின், மச்சம் இந்தப் பக்கம் வந்திருக்கு? ஃபோட்டோவைப் பாத்துதானே மெடல் அச்சை வெட்டினே?

ஸ்டெர்லின்: பாத்துதான் சார் வெட்டுனேன்.

ஜெயராம்: ஃபோட்டோல வலது கன்னம். மெடல்ல இடது கன்னம். அச்சுல எல்லாத்தையும் திருப்பி வெட்டணும், மச்சத்தை மட்டும் மறந்துட்டே...

ஸ்டெர்லின்: மறக்கல.

ஜெயராம்: நாளைக்கு சாயந்தரம் ஃபங்ஷன்ப்பா! மாட்டுங்கா ஏரியால அம்பது வருஷமா வைத்தியம் பாக்கறவர். அசோசியேஷன்ல எல்லாரும் என் கழுத்தைத்தான் பிடிப்பா. செக்ரட்டரி சார், இது யாரு மூஞ்சின்னு...

ஸ்டெர்லின்: டாக்டர் வேங்கடசுப்ரமணியன் மூஞ்சிதான். கீழ பேரும் போட்டிருக்குல்லா.

ஜெயராம்: ஜோக்கா? எத்தனை அடிச்சாச்சு?

ஸ்டெர்லின்: நூறும்.

ஜெயராம்: அரே பகவான்! இதை நான் எடுத்துண்டு போகமாட்டேன். உங்க முதலாளி ஹனீப் பாயைக் கூப்பிடு.

ஸ்டெர்லின்: வேண்டாம் சார்... எட்டு மாசம் கழிச்சு இப்பந்தான் வேலைக்கு வந்திருக்கேன். மொத வேலையே தப்புன்னா பாய் திருப்பி அனுப்பிருவாரு.

ஜெயராம்: அதுக்காக...

ஸ்டெர்லின்: அந்த ஃபோட்டோ யாரு எடுத்தது?

ஜெயராம்: நான்தான். பிக்னிக்ல, டாக்டரும் நானும் செல்ஃபி. எப்படிச் சிரிக்கறார் பாரு!

ஸ்டெர்லின்: அதுல உங்க சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம்?

ஜெயராம்: வலது...

ஸ்டெர்லின்: இப்போ போட்டிருக்கீயளே, இதுல?

ஜெயராம்: இடது... அட! அதே சட்டைன்னா இது!

ஸ்டெர்லின்: உங்க போன் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டுது சார். டாக்டர் பாக்கெட்டும் அப்படித்தான். மச்சமும்.

ஜெயராம்: அப்பாடா... உயிர் வந்தது! இருபது வருஷப் பழக்கம், எந்தக் கன்னம்னு எனக்கே சொல்லத் தெரியலை. நீ பாக்கெட்டை வெச்சுப் பிடிச்சுட்டே!

ஸ்டெர்லின்: பாக்கெட்டைப் பொறவுதான் பாத்தேன்.

ஜெயராம்: பின்னே எப்படி?

ஸ்டெர்லின்: எம் பொண்டாட்டி ஸ்வீட்டிக்கு அவருதான் வைத்தியம். வாராவாரம் எதிர்ல உக்காந்திருப்பேன். அவரு ரிப்போர்ட்டைப் பாப்பாரு. நான் அவரு மொகத்தைப் பாப்பேன்... என்ன சொல்லப் போறாருன்னு.

ஜெயராம்: ம்...

ஸ்டெர்லின்: மார்ச்ல போயிட்டா.

ஜெயராம்: கட்டிக் குடுப்பா. நூறையும் எடுத்துண்டு போறேன்.

ஸ்டெர்லின்: நான் வெட்டுனேன்னு அவருட்ட சொல்லிராதீங்க சார். சங்கடப்படுவாரு. மெடலே வேண்டாம்னாலும் சொல்லிருவாரு.

ஜெயராம்: ரெண்டு தடவை வேண்டாம்னுதான் சொன்னார். மூணாவது தடவை போனப்போ, தாராவில ஸ்டெர்லின்னு ஒருத்தன் இருக்கான், சம்சாரம் போனதுலேர்ந்து உளியைத் தொடலையாம், அவன் கையால பண்ணினா வாங்கிக்கறேன்னார். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு வேற கண்டிஷன். நேத்திக்குக்கூட ஃபோன் பண்ணினாரே... மெடல் எப்படி வந்திருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலைப்பா. நீ நேரத்துக்குச் சாப்பிடறயான்னுதான் கேட்டார்.