லேசில் மூடாத பொத்தல்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், மலேசியாவில் லுமுட்டிலிருந்து ஈப்போவுக்கு வரும் பஸ். கூட்டம்; நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில், மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் ஒரு அக்கா. இந்த ஓரத்தில், மொட்டையடித்த அவர் தம்பி. அம்மாவின் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஓட்டைய எண்ணுறதுக்கா நீ லண்டனுக்குப் போன?"

"எண்ணுறது மட்டும் இல்லக்கா. சிதறிக் கெடக்குற புள்ளிங்க சேந்தா என்னா உருவம்னு பாக்குற கணக்கு. நம்ம தோட்டத்த நெனச்சுக்க. ரப்பர் கண்ணு நட்டப்ப எல்லாம் தனித்தனியா நிக்கும். வளர வளர கிளையோட கிளை முட்டிக்கும். நடுநடுவுல வானம் தெரியும்."

"தெரியும்லா. அப்புறம் மரம் விரிஞ்சு அதையும் மூடிக்கும்."

"சுருக்க மூடிக்கிறத நாங்க கணக்குல எடுக்க மாட்டோம். சிலது, சுத்தி உள்ள மரமெல்லாம் எவ்ளோ விரிஞ்சாலும் லேசுல மூடாது. அதான் நெசமான பொத்தல். அதத்தான் தேடுறோம்."



"அம்மா கடைசி வரைக்கும் கேட்டுச்சு, தம்பி என்னா படிக்கிறான்னு. எனக்குச் சொல்லத் தெரியல."

கண்டக்டர் வந்தார்.

"ஈப்போ, மூணு," என்றார் தம்பி.

"ரெண்டு பேர்தானே இருக்கீங்க?"

அக்காதான் சொன்னார்: "காலையில சாம்பல் பானைய நடுவுல வச்சுக்கிட்டுப் போனோம். அம்மாவுக்கும் சேத்துத்தான் டிக்கெட் எடுத்தோம்."

கண்டக்டர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நடுவுல காலியாத்தானே இருக்கு, உக்காருங்கண்ணே."

நான் ஈப்போ வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.