முழு இணக்கம்

மனித நாகரிகமே நெறிமுறைகளின் மேல்தான் நிற்கிறது, சார். எல்லா மேடையிலும் இதைச் சொல்வேன். போன மாதம்கூட வேலூர் லாங் பஜாரில் ஒன்வேயில் எதிர்ப்பக்கமாக வண்டியை விட்டபடி, பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன்.

என் வேலையைக் கேட்டீர்கள். கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அதாவது பொதுவில் வைத்த ஒரு புரோகிராம், எழுதியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தமும் அனுப்பலாம். ஏற்பதும் தள்ளுவதும் என் கையில். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு மீட்டர்கள் அதை வைத்துத்தான் பேசின. வாயு ஏறினால் மீட்டர் செய்தி அனுப்பும், சிவப்பு விளக்கு எரியும். செய்தி வராவிட்டால் பச்சை. பச்சை எரிந்தால் ஆள் இறங்குவார்.

கருவிகளின் இந்தப் பேச்சுக்குப் புது ஸ்டாண்டர்ட், அதாவது பொது விதிமுறை, வெளியானது. பழைய முறையில் வரும் செய்தியை ஏற்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியே கடைப்பிடிக்கும் லைப்ரரிக்கு ‘முழு இணக்கம்’ என்று ஒரு முத்திரை. வேலூர் மாவட்டத்தில் வேறு யாரிடமும் இல்லை. ஒரு கல்லூரியில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். ஃப்ளெக்ஸில் ‘நெறிமுறைச் செம்மல் புகழேந்தி’. பட்டத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன், அவர்களுக்கு இந்தத் துறை புரியாது.

அந்தத் தொழிற்சாலையின் பொறியாளர் ரஃபத் ஜஹான், பழையதையும் ஏற்கும்படி ஒரு திருத்தம் அனுப்பினாள். போனிலும் கூப்பிட்டாள்.

“அண்ணே, எங்க மீட்டர் எல்லாம் பழசு. புதுசு வர்ற வரைக்கும் அதையும் பேச வுடுங்க. இல்லாட்டி வாயு ஏறினாலும் பச்சைதான் எரியும்.”

“ஸ்டாண்டர்டைப் படிம்மா.”

“நீங்க படிச்சீங்களாண்ணே?”

எல்லோரும் பார்க்கும் விவாதப் பக்கத்திலும் அதையே கேட்டாள். நாலைந்து பேர் சிரிப்பு எமோஜி போட்டார்கள். திருத்தத்தைத் தள்ளினேன். “சரிம்மா, உங்க இடத்துல மட்டும் இப்ப மாத்தலை” என்று அவளிடம் சொல்லிவிட்டு, இங்கிருந்தபடியே அங்கேயும் மாற்றினேன். நிஜத் தொழிற்சாலையில் ஓடுவதைக் காட்டினால்தான் முத்திரை தருவார்கள். பெரிய பேராசை ஒன்றும் இல்லை.

விழாவில் பொன்னாடை போர்த்தும்போது போன் அதிர்ந்தது. அந்தத் தொழிற்சாலையில் புரோகிராம் செய்வதெல்லாம் என் போனுக்கும் வரும். மீட்டர் திரும்பத் திரும்பக் கத்துகிறது. ஒவ்வொரு முறையும் என் புரோகிராம் ‘பழைய முறை, நிராகரிக்கப்பட்டது’ என்கிறது. ஒரு பிசகும் இல்லாமல் வேலை செய்தது. போட்டோகிராபர் நிமிரச் சொன்னார். போனைப் பாக்கெட்டில் போட்டேன்.

அங்கே தொட்டியில் அடைப்பெடுக்க, தொழிலாளி சாமுவேல் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அவரைத் தூக்க, கூட வேலை செய்த ரஃபி அகமது இறங்கினார். இருவரும் உயிரோடு மேலே வரவில்லை.

வாக்குமூலத்தில் தெரியாமல் நடந்தது என்று எழுதாதீர்கள், சார். போனைப் பார்த்தபோதே விளக்கு என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பெண் சொன்னது சரி என்றாகியிருக்கும், அதுவும் மேடையில் வைத்து.

அபாய எச்சரிக்கைக் கருவிகளுக்கு இந்த விதி பொருந்தாது என்று ஸ்டாண்டர்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நேற்று நீங்கள் காட்டியபோதுதான் பார்த்தேன்.

நான் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை.