ஒண்ணாம் நம்பர் சீட்டு

— நைனா, மூணாவது வாட்டி கேக்குறேன். லிஸ்ட்ல இருக்கறவங்கள்ல ஒருத்தர்கூட ரத்தம் குடுக்க வரலியே, ஏன்?

— இன்னிக்கி ஞாயித்துக்கெயம டெபோரா. பூசை முடிஞ்சி அல்லாரும் கறி வாங்கப் போயிருப்பானுங்க. நீ மொதல்ல துன்னு.

— பூசை முடிஞ்சி ரெண்டு மணி நேரம் ஆச்சு. ராமதாஸ் மாமா என்னைப் பாத்ததும் சந்துக்குள்ள பூந்துட்டாரு. பெட்டியில ஐஸு உருகுது. சாயந்திரத்துக்குள்ள லேப்ல சேக்கணும்.

— ஊசின்னா பயம் கண்ணு. வேற இன்னா?

— எண்ணூர் கரி யார்டுல இருவது வருஷம் மம்பட்டி புடிச்சவங்களுக்கு ஊசி பயமா? விளையாடாத. இந்த ரத்தம் இல்லன்னா ஸ்காலர்ஷிப்பே இல்ல.

— அதான் குடுத்துட்டாங்களே! கோயிலாண்ட பேனரே கட்டிட்டேன். வெள்ளக் கோட்டு போட்டுகினு சும்மா ஜம்முனு கீற.

— எதுக்குக் குடுத்தாங்கன்னு தெரியுமா உனக்கு?

— நல்லா படிச்சதுக்கு.

— இல்ல. போன வருஷம் மூச்ச அளந்து சீட்டு குடுக்குற மிஷின் கொண்டாந்து நம்ம தெரு ஆம்பளைங்க பன்னெண்டு பேரை ஊத வச்சேனே, அந்த நம்பருக்கு. இவ்ளோ கரித்தூளுல கெடந்தும் பன்னெண்டு பேருக்கும் நெஞ்சு கிண்ணுனு இருக்கு. கைடு ஆடிப்போயிட்டாரு. இவங்க ரத்தத்துல ஏதோ ஒண்ணு காப்பாத்துது, அது இன்னான்னு கண்டுபுடின்னுதான் ஸ்காலர்ஷிப்.

— ரத்தத்துலயா?

— இன்னா சிரிக்கிற?

— சிரிக்கல. இருமல்.

— சொம்மா இருமிகினே இருக்காத நைனா. உன் நம்பர் எனக்குத் தெரியும். அருள்பிரகாசம்னு ஒண்ணாம் நம்பர் சீட்டு உன்னுதுதான். வெந்நீர் குடி, சளி எறங்கிடும்.

— கண்ணு... ரத்தத்துக்கும் அந்த சாவியோ பய்யன் வந்தா ஒத்துக்குவாங்களா?

— எந்த சாவியோ? காசிமேட்டுல மீன் போட்டுக்குப் போறவனா? அவன் பேரு லிஸ்ட்லயே இல்லியே.

— பேரு இல்ல. ஊதினது அவன்தான்.

— யாருக்குப் பதிலா?

— பதினோரு பேருக்கும்.

— இன்னா நைனா சொல்ற நீ?

— கோச்சிக்காத. யார்டு கேட் பாஸுக்கு வருசா வருசம் மெடிக்கல் வெப்பாங்க இல்ல, அதுக்கும் அவன்தான் ஊதுவான். ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்தா போதும், சொன்ன பேருல ஊதுவான். நெஞ்சு சரியில்லன்னு காயிதம் போச்சின்னா மேஸ்திரி மறுநாளே பேர அடிச்சிடுவான். நீயும் மிஷின எடுத்தாந்த, பேரு போட்ட சீட்டு கேட்ட. அத்த எவன் பாப்பானோன்னு அல்லாரும் பேஜாராயிட்டானுங்க.

— அது காலேஜ் மிஷின்! கம்பெனிக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?

— எங்குளுக்கு இன்னா தெரியும்? ரெண்டுலயும் வாயில வெக்கிற கொயாதான் கீது, ரெண்டுலயும் ஊதுன்றாங்க. அதுவுமில்லாம, நம்பர் நல்லா வந்தாதான் உன்ன பாஸ் போடுவாங்கன்னு நெனச்சோம். நம்ம இருமலால இந்தப் பொண்ணு பெயிலாவணுமான்னு ராமதாஸ்தான் சொன்னான்.

— கெட்ட நம்பரைத்தான் நைனா நான் தேடினேன்! அது வந்திருந்தா, இந்தத் தெருவுக்கே மூச்சு போயிகினு இருக்குன்னு எழுதியிருப்பேன். இப்ப எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு எழுதி, கீழ என் கையெழுத்தும் போட்டு வச்சிருக்கேன்.

— நீ நின்னு பாத்திருக்கணும். பரிச்சன்னு மிஷின என் கையில குடுத்துட்டு ஒரு வாரம் ஹாஸ்டலுக்குப் போயிட்ட.

— பக்கத்துல நின்னு ஊத வச்சேன்னுதான் எழுதியிருக்கேன்.

— அப்ப நீயும்தான் ஆள் மாத்தியிருக்க.

— ...கடைசி மூணு சீட்டுல நம்பர் கொஞ்சம் கொறைஞ்சிருந்துச்சி. வயசாயிடுச்சின்னு எழுதினேன்.

— பிரியாணி வர லேட்டு. பய்யன் டயர்டாயிட்டான்.

— உபைதுல்லா பாய்? அவருக்கும் சாவியோவா?

— அவனுக்கும்தான்.

— அய்யோ நைனா! செத்துப்போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி என்னாண்ட வந்து மூச்சு வாங்குதும்மான்னாரு. உங்க நம்பர் நல்லா இருக்கு பாய், வெறும் வாய்வுன்னு சொல்லி அனுப்பினேன். நான் சொல்லி அனுப்பினேன்!

— சொன்னான். டெபோராவே சொல்லிட்டா, இனிமே நெஞ்சு நல்லா இல்லன்னு எப்டி சொல்றதுன்னு சிரிச்சான்.

— நாளைக்கே கைடுகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன்.

— பைத்தியமா உனக்கு? குடுத்தத புடுங்கிக்குவாங்க!

— புடுங்கட்டும். காலேஜ விட்டே தொரத்தட்டும். செத்தவர் பேருல பொய் எழுதி எனக்கு எதுக்கு அது?

— பேனர எவன் அவுப்பான்? தெருவே பாத்துடுச்சி. எம்பொண்ணு, எம்பொண்ணுன்னு எத்தினி பேராண்ட சொல்லிகினு திரிஞ்சேன்.

— நானே அவுக்குறேன். பதினோரு சீட்டு பொய்னு ஒத்துக்குறேன். ஒண்ணாவது நிஜமா இருக்கு இல்ல, அத்த வச்சி முதல்லேர்ந்து ஆரம்பிக்க விடுங்கன்னு கால்ல விழுறேன்.

— எது நிஜம்?

— உன்னுது. மிஷினைத் தொறந்த அன்னிக்கே நீ ஊதினது. சாவியோ அப்ப கடல்ல இருந்தான். எப்டி ஊதணும்னு நானே ஊதிக் காமிச்சிட்டு, உள்ள போயி பைய எடுத்துகினு வந்தேன். அதுக்குள்ள ஊதி, பேரெழுதி நீட்டின. அந்தச் சீட்டப் பாத்துதான் இந்த ஒரு வருஷம் நான் தூங்குறேன் நைனா. ஊரு ஆம்பளைங்களுக்கு இன்னா ஆனாலும் எங்க நைனாவுக்கு ஒண்ணும் இல்லன்னு. ஏன் தலைய குனியற? நைனா?

— நானும் ஊதினேன் கண்ணு, மூணு வாட்டி. மூச்சு பத்தல, மிஷினு சீட்டே குடுக்கல. நீ ஊதிக் காமிச்ச சீட்டு தொங்கிகினு இருந்துச்சி, அதுலதான் எம்பேர எய்தினேன்.