நடுச்சாலையில் நின்ற விசாரணைக் குழு

மேடையில் வீற்றிருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, லாரியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்திருக்கும் ஓட்டுநர் தம்பிகளே, நமக்கெல்லாம் முன்னதாக நடந்தே வந்து இடம்பிடித்துவிட்ட சந்தைத் தெருப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு வணக்கம்.

நம் லாரி உரிமையாளர் சங்கத்தின் முன்னாள் பொருளாளர், ஒரே லாரிக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முதலாளியாகவும் ஓட்டுநராகவும் வாழ்ந்த பிரேக் அண்ணன் நம்மை விட்டுப் போய்விட்டார். சென்ற வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், சாய்ந்தவர்தான். செய்தி சொல்லப் போன இடத்திலெல்லாம் என்னிடம் முதலில் கேட்டது, "எந்த லாரி?" என்றுதான். எந்த லாரியும் இல்லை ஐயா. எழுபத்து மூன்று வயது. நம் சந்தைத் தெருச் சாலையோரத்தில் குடியிருந்த ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே வயதாகி இறந்தார் என்பது சாதனை அல்லவா?

பிரேக் என்ற பெயரை அவருக்கு வைத்தது யார்? நாம்தான். மரியாதைக்காகவா வைத்தோம்? கேலிக்காக வைத்தோம். அந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் அதிகம் அசடு வழிந்தவன் நான்.

அண்ணனுக்குக் காய்கறி வாங்கவும் லாரி, கல்யாணத்துக்குப் போகவும் லாரி. அண்ணியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதும் அதே லாரியில்தான். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அந்த லாரி பட்டறையில் கிடந்தது. அண்ணிக்குக் காய்ச்சல். மருந்துக்கடையோ நேர் எதிரில்; வாசலில் நின்றால் பெயர்ப்பலகையைப் படிக்கலாம். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒரு காலை எடுத்து வைப்பார், இழுத்துக்கொள்வார். ஒரு லாரி, அதன் வாலைப் பிடித்தாற்போல் ஒரு பேருந்து, அதன் பின்னால் இன்னொரு லாரி. பாதி வண்டிகள் நம் சங்கத்து வண்டிகள். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். நம் ஓட்டுநர்கள், பெரியவர் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து, பதிலுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் பறந்தார்கள். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தவர், கடைசியில் தன் பக்கமே பேருந்து ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து வேறு பேருந்தில் திரும்பி வந்து மருந்துக்கடை வாசலில் இறங்கினார். வீட்டுக்குத் திரும்பியதும் அப்படியேதான். அவர் வருவதற்குள் அண்ணியின் காய்ச்சலே இறங்கிவிட்டது.

அன்று அண்ணி ஒன்று கேட்டார்களாம். "இத்தனை வருஷமா நான் எப்படிப் போயிட்டு வர்றேன்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

"எப்படிப் போற?"

"கண்ணை மூடிக்கிட்டுத்தான்."

அந்தப் பதில் அவரைச் சும்மா விடவில்லை. லாரி பட்டறையிலிருந்து வந்த நாள் முதல், சாலையோரத்தில் யார் நின்றாலும் அண்ணன் பிரேக் போட்டார். வெறுமனே பல் குத்திக்கொண்டு நின்றவர்கள்கூட, இவர் நிறுத்திக் கையைக் காட்டியதால், வெட்கப்பட்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தே ஓய்ந்தன. சரக்கு தாமதமாகிறது என்று புகார்கள் குவிந்தன. தலைவன் என்ற முறையில் நான் நோட்டீஸ் அனுப்பினேன்: மாலை நான்கு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் விசாரணை.

சங்கக் கட்டடம் மருந்துக்கடைக்குப் பக்கத்துக் கட்டடம். நான்கு மணிக்கு அண்ணனிடமிருந்து தொலைபேசி வந்தது. "நான் வரத் தயார்தான் தம்பி. ரோட்டைக் கடக்க முடியல. நீங்க இங்க வந்துடுங்க."

ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீறாப்பாகப் புறப்பட்டது. சாலை நடுவில் இருக்கும் தடுப்புவரை எப்படியோ போய்விட்டோம். அங்கே மாட்டிக்கொண்டோம். முன்னாலும் வழியில்லை, பின்னாலும் வழியில்லை. வரிசையாகப் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் நின்றோம். ஒரு லாரி போன வேகத்தில் குற்றச்சாட்டுத் தாள்கள் காற்றோடு போயின.

அப்போது என் சொந்த லாரி வந்தது. தெய்வமே வந்ததுபோல் கையை நீட்டினேன். என் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போயே போய்விட்டான்.

அந்தத் தம்பி மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். நிமிர்ந்து உட்கார் தம்பி. நேரத்துக்குப் போகாவிட்டால் நாளை முதல் வராதே என்று உன்னிடம் சொன்னவன் யார்? நான்தானே?

அண்ணன் தன் லாரியை மெல்ல வெளியே எடுத்துக் குறுக்கே நிறுத்தினார். சாலை நின்றது. அண்ணி நடந்து வந்து என் கையைப் பிடித்து, "கண்ணை மூடிக்குங்க தம்பி, பழகிடும்" என்றார்கள்.

வீட்டுக்குள் போனதும் அண்ணன் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். பரிகசிக்கவில்லை. பிறகு, வாசலுக்குத் திருப்பி நிறுத்தியிருந்த லாரியின் ஓட்டுநர் இருக்கையில் எங்களை ஒவ்வொருவராக ஏற்றி, அண்ணியை லாரியின் முன்னால் ஒட்டி நிற்கச் சொன்னார். நான் எட்டிப் பார்த்தேன். அண்ணி தெரியவில்லை. என் லாரியும் அதே உயரம்தானே? அதற்கு முந்தைய ஆண்டு அந்த இடத்தில் இரண்டு பேர் செத்தார்கள். நாம் மாலை கொண்டு போனோம். எதில் போனோம்? லாரியில் போனோம்.

விசாரணை அத்தோடு முடிந்தது. மறு மாதமே நம் எல்லா லாரிகளின் முகப்பிலும், முன்னால் நிற்பவரைக் காட்டும் கண்ணாடி ஏறியது. சாலை அலுவலகத்துக்கு அண்ணன் பதினெட்டு முறை நடையாய் நடந்தார். மனு கொடுக்க அல்ல, கொடுத்த மனுவைத் தேடிக் கொடுக்க. வெள்ளைக் கோடு வந்தது, சிக்னல் வந்தது. அதன் பிறகு இந்த ஆறு ஆண்டுகளில் அங்கே ஒரு உயிர்கூடப் போகவில்லை. பெரிய மனிதர் என்று வேறு யாரைச் சொல்வது?

அழுதுவிட்டுக் கலைந்தால் போதுமா? சங்கம் இன்று ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. லாரி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மாதம் ஒருநாள், தன் லாரி போகும் வழியைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். முதல் பெயர் என்னுடையது. எனக்கு முழங்கால் வலி உண்டு. இருந்தாலும் நாளைக் காலை ஒன்பது மணிக்குச் சந்தைத் தெருவில் இறங்குகிறேன். உங்கள் லாரி அந்தப் பக்கம் வந்தால், தலைவர் வருகிறார் என்று நிறுத்தாதீர்கள். யாரோ ஒருவர் நடந்து வருகிறார் என்று நிறுத்துங்கள்.